வாடிய கன்றுக்குத் தண்ணீர்

நீர்வேலி,
17.01.2024

அன்புள்ள தம்பி டிலக்ஷனுக்கு,

நானும் அப்பாவும் சுகம். உன் இருமல் விட்டதா, படுக்கப் பாய் தந்தார்களா, ஒன்றும் தெரியாமல் இருக்கிறேன்.

நீதவான் உன்னைப் போதை மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பிய நாளிலிருந்து எழுத நினைத்தேன். கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். ஆறவில்லை. ஆறும் வரை பார்த்திருந்தால் நீ வெளியே வந்துவிடுவாய் என்பதால் கோபத்தோடேயே எழுதுகிறேன். அங்கே தொலைபேசி தரமாட்டார்களாம். பார்க்க வருவதற்கும் அப்பாவின் பெயர்தான் பதிவாகியிருக்கிறதாம். நான் வந்தால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

பொங்கலுக்கு வீடு கழுவும்போது உன் அறையைத் திறந்தேன். பொலிஸில் போய் உன்னைப் பற்றிச் சொன்ன அன்று அப்பா சாத்திய கதவு. உன் பெயரை அவர் இன்னும் வாயில் எடுக்கவில்லை. உள்ளே யன்னலோரம் ஒரு பூச்சாடி, அதற்குள் ஒரு கன்று. இலையெல்லாம் பாவற்காய்த் தோல் மாதிரிப் புடைத்துப் புடைத்து, நடுவில் கறுப்பாக ஒரு கோலம். இத்தனை நாள் தண்ணீரில்லாமலும் உயிரோடு நிற்கிறது. கொரோனா நேரம் முகநூலில் விற்கத் தொடங்கிய கன்றுகள் எல்லாவற்றையும் சாடியோடு விற்றுத் தீர்த்தாய். கடைசியில் அப்பாவின் தண்ணீர் இறைக்கும் மிசினையே கொண்டுபோய் விற்றாய், வாழை காய்ந்து நிற்கிற நேரத்தில். இதை மட்டும் ஏன் விட்டாய்?

எங்கள் வீட்டில் முளைப்பதெல்லாம் வெளியில்தான் முளைக்கும். வீட்டுக்குள் வளர்வதை என்ன செய்வது? எழுது. அதுவரை ஒரு வாய் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
சிவகௌரி


நிலையம்,
08.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், இருமல் இல்லை. நீங்களும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. இங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்த அலுவலர் ஒருவர்தான். அவர் இடைக்கிடை வந்து, வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் வாசித்துவிட்டால்தான் அவை நகரும்.

கன்று இருக்கிறது என்று வாசித்ததும் எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அது பெகோனியாவில் ஒரு வகை. வெளிச்சம் வேண்டும், ஆனால் வெயில் நேரே படக்கூடாது. இலையில் தண்ணீர் படவே கூடாது, அந்தப் புடைப்புகளுக்கு இடையில் தங்கி அழுகிவிடும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் ஊற்ற வேண்டாம். கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். தண்ணீர் கொதிக்கிற எங்கள் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்பு அதன் வேரிலும் படியும். கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் போதும்.

ஏன் விட்டாய் என்று கேட்டீர்கள். அதையும் விற்கத்தான் தூக்கிக்கொண்டு போனேன். சந்தி வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். அந்த நாட்களில் நான் திரும்பி வந்தது அந்த ஒரு தடவைதான். நான் வரும்போது அது இருந்தால் அந்த அறைக்குள் கால் வைக்கத் துணிவு வரும், அக்கா. இல்லாவிட்டால் வராது. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு முழங்கால் நோ எப்படி?

அன்புத் தம்பி,
டிலக்ஷன்


நீர்வேலி,
28.02.2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் நோ குறைவு. நீ மெலிந்துவிட்டாயோ என்பதுதான் என் யோசனை.

நீ சொன்னபடியே செய்கிறேன். காலையில் சங்கக்கடைக்கு வேலைக்குப் போகுமுன் கொதித்த தண்ணீரை ஆறவைத்து, விரல் விட்டுப் பார்த்து, மருந்து மாதிரி அளந்து ஊற்றுகிறேன். பெரும்பாலான நாள் ஊற்றுவதே இல்லை. பிள்ளை பெற்றவர்கள்கூட இவ்வளவு பார்க்கமாட்டார்கள். ஆனால் உன் மகாராணிக்குத் திருப்தியில்லை. இலைகள் தலையைத் தொங்கப் போடத் தொடங்கிவிட்டன.

பக்கத்து வீட்டு அருமைநாயகி மாமி வந்து பார்த்தா. "உந்த வடிவான இலையை யன்னலிலை வைச்சால் போறவாற சனமெல்லாம் கண் வைக்கும் பிள்ளை. உது நாவூறுதான்" என்று சொல்லி, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துச் சாடியைச் சுற்றி அடுப்பில் போட்டா. நான் அரை மணித்தியாலம் இருமினேன். கன்று நிமிரவில்லை. மாமி அதை யன்னலிலிருந்து எடுத்து மூலையில் வைக்கச் சொன்னா. வெளிச்சம் வேண்டும் என்று நீ எழுதியதால், அவ போனதும் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

தலை தொங்கினால் என்ன செய்வது? கெதியாக எழுது. கெதியாக வராது என்று தெரியும், என்றாலும் எழுது.

உன் அக்கா,
சிவகௌரி


நிலையம்,
23.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மெலியவில்லை, பயப்பட வேண்டாம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் இங்கிருந்தே கும்பிடுகிறேன்.

நான் பயம் காட்டியதில் நீங்கள் கன்றைப் பட்டினி போட்டுவிட்டீர்கள். தலை தொங்குகிறது என்றால் தாகம்தான். சாடியின் அடியால் வடியும் வரை ஒரு தடவை நன்றாக ஊற்றுங்கள், நிமிரும். மாமிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள், மிளகாய் வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

என்னை மரக்கறித் தோட்டத்தில் விட்டிருக்கிறார்கள். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுகிறேன். வரம்பு வெட்டும் நேரமெல்லாம் அப்பா பின்னால் நின்று பிழை சொல்வது போலவே இருக்கும்.

ஒரு விஷயம். ஜூன் 28 ஆம் திகதி என் காலம் முடிகிறது. முறைப்பாடு கொடுத்தவர் அப்பா என்பதால் அவரேதான் நேரில் வந்து கையெழுத்து வைத்து என்னைப் பொறுப்பெடுக்க வேண்டுமாம். வேறு யாரும் வந்து பயனில்லை. அவர் வராவிட்டால் இன்னும் ஆறு மாதம். வீட்டார் வராமல் நின்றுபோனவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் வாசலைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கேட்பீர்களா?

அன்புத் தம்பி,
டிலக்ஷன்


நீர்வேலி,
15.04.2024

அன்புள்ள தம்பிக்கு,

புதுவருடம் உனக்கு நல்லதாக விடியட்டும். நேற்றுக் கோயிலுக்குப் போய் உன் பெயரில் அர்ச்சனை செய்தேன். நாங்கள் சுகம்.

உன் கடிதம் வந்த அன்றே, சாடி வடிய வடிய ஊற்றினேன். மூன்றாம் நாள் தண்டு கொழகொழத்துவிட்டது. இரண்டு இலை கறுத்து விழுந்தது. நீ போன மாத வருத்தத்துக்கு இந்த மாதம் மருந்து சொல்கிறாய் தம்பி. உன் கடிதம் வருகிறபோது இங்கே வேறு வருத்தம். மண்ணோ எந்த நேரமும் சதசதவென்று இருக்கிறது. அந்த ஒரு நாளைத் தவிர நான் அளவு மீறி ஊற்றவே இல்லை, சத்தியம். கன்றைச் சாடியோடு தூக்கிப் பார்க்கிறேன், கீழே வைக்கிறேன், திரும்பத் தூக்குகிறேன். வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். நல்ல நாள், பாயாசம் குடித்திருக்கிறார், கோபிக்கமாட்டார் என்று பார்த்துத்தான் கேட்டேன். "அப்பா, ஜூனிலை தம்பியை விடினமாம். நீங்கள்தான் போகவேணுமாம்" என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உந்தக் கறிக்கு உப்புக் காணாது" என்றார். உப்பை வைத்தேன். போட்டுக்கொண்டு சாப்பிட்டு எழும்பிவிட்டார். அவ்வளவுதான் பதில். திரும்பவும் கேட்பேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
சிவகௌரி


நிலையம்,
08.05.2024

அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா?

தண்ணீரை அடியோடு நிறுத்துங்கள். ஒரு துளியும் வேண்டாம். போன கடிதத்தில் தாகம்தான் என்று நான் சொன்னது பிழை. அந்தக் கன்று தாகத்துக்கும் வாடும், தண்ணீர் கூடி வேர் அழுகினாலும் அப்படியே வாடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், அதுதான் அதன் கரைச்சல். சாடியை விட்டு வெளியே எடுத்து, அழுகிய வேரை வெட்டி, புதுத் தேங்காய்த் தும்புத்தூளில் வையுங்கள். நல்ல இலை ஒன்று இருந்தால் நரம்போடு வெட்டி ஈர மணலில் படுக்க வையுங்கள், வேர் விடும். நான் அங்கே இருந்தால் பத்து நிமிட வேலை.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் கூடுதலாக ஊற்றினதற்கு மண் இவ்வளவு நாள் ஈரமாக இருக்காது. ஒன்றில் நீங்கள் விரல் விட்டுப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் ஊற்றினீர்கள். பொய் எழுத வேண்டாம் அக்கா. இங்கே எல்லோரும் எல்லோரிடமும் பொய் சொல்கிறார்கள், உங்கள் கடிதத்திலும் அது வேண்டாம்.

அப்பா என்ன சொன்னார்? உப்பைத் தவிர வேறு ஏதாவது?

டிலக்ஷன்


நீர்வேலி,
29.05.2024

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என நம்புகிறேன்.

நீ எழுதியபடி வேரை வெட்டி மாற்றி வைத்தேன். கன்று இப்போது நன்றாக இருக்கிறது. புதிய இலை ஒன்றும் விட்டிருக்கிறது. நீ யோசிக்க வேண்டாம்.

அப்பா தோட்டத்தில் வேலையாக இருக்கிறார். வருவார் என்றுதான் நினைக்கிறேன்.

உன் அக்கா,
சிவகௌரி


நிலையம்,
19.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மிகவும் சுகம். உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது.

போன கடிதத்தில் கடுமையாக எழுதியதை மறந்துவிடுங்கள். புதிய இலை என்று வாசித்ததிலிருந்து சாப்பாடு இறங்குகிறது. வேர் வெட்டின கன்று இவ்வளவு கெதியில் இலை விடாதே என்று ஒரு யோசனை வந்ததுதான். இலை விரியும்போது என்ன நிறம் என்று பார்த்தீர்களா? நீங்கள் இந்த முறை கேலியும் செய்யவில்லை, அருமைநாயகி மாமியும் கடிதத்தில் இல்லை. வேலை கூடவாக்கும்.

28 ஆம் திகதி விடியவே குளித்துப் பையைக் கட்டி வைத்திருப்பேன். அப்பா வந்து கனநேரம் நிற்க வேண்டி வராது. இந்தக் கடிதம் கிடைக்கும்போது நான் வீட்டில் இருப்பேன், நானே பிரித்து வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புத் தம்பி,
டிலக்ஷன்


நீர்வேலி,
12.07.2024

அன்புள்ள தம்பிக்கு,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உன் சுகத்தைக் கேட்க எனக்கு முகமில்லை.

நீ வந்து பிரிப்பேன் என்று எழுதிய கடிதத்தை நான்தான் பிரித்தேன். கன்று செத்துவிட்டது. நான் புதிய இலை என்று எழுதிய அன்று அதில் ஒரு இலைதான் மிச்சம், அதுவும் அடுத்த கிழமை விழுந்தது. நீ சொன்னபடி வேரை வெட்டப் போனேன், வெட்ட வேர் இருக்கவில்லை. பொய் எழுதாதே என்று நீ எழுதிய பிறகுதான் முதல் பொய்யை எழுதினேன். கன்று இல்லாவிட்டால் அறைக்குள் கால் வைக்கமாட்டேன் என்றவனுக்கு வேறு எதை எழுதுவது?

இப்போது இதைக் கேள். ஜூன் நடுப்பகுதியில் ஒரு நாள் கடையடைப்பு என்று சங்கக்கடையைப் பூட்டிவிட்டார்கள். நேரத்தோடு வீட்டுக்கு வந்தால் உன் அறைக்குள் அப்பா நிற்கிறார். காலெல்லாம் தோட்டத்துச் சேறு, கையில் செம்பு. இலையே இல்லாத அந்தத் தண்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறார்.

"என்னப்பா செய்யிறியள்?" என்றேன்.

"வாடிக் கிடக்கு. நீ பாக்கிறேல்லை. அதுதான் நான் விடுறனான்."

"எப்ப துவக்கம்?"

"நீ பொங்கலுக்குக் கதவைத் திறந்த நாள் துவக்கம். தோட்டத்திலை தண்ணி மாறிப்போட்டு வரேக்கை ஒரு செம்பு."

தினமும் தம்பி. நான் விரல் விட்டுப் பார்த்து ஊற்றாமல் வேலைக்குப் போக, அவர் இரவல் மிசினில் இறைத்துவிட்டு வந்து கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பு ஊற்றியிருக்கிறார். அது வாட வாட, நான் கவனிக்கவில்லை என்று இன்னும் கூடுதலாக ஊற்றியிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "அப்பா, உதுக்குத் தண்ணி கூடினாலும் வாடும்" என்றேன். செம்பைப் பார்த்தார், சாடியைப் பார்த்தார். "வாடினால் தண்ணி விடுறதுதானே. எனக்கு வேறை என்ன தெரியும்" என்றார். நான் உனக்குப் பொய் எழுதியதையும் அப்போது அவரிடம் சொன்னேன். செம்போடு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

28 ஆம் திகதி விடியவே வேட்டி கட்டி, திருநீறு பூசி, குடையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுவாரோ என்ற பயம். மத்தியானம் தனியே திரும்பி வந்தார். பஸ் போய்விட்டது என்றார். பின்னேரம் தேத்தண்ணி கொடுக்கும்போது தானாகவே சொன்னார்: "பஸ் ஏறினனான். இடையிலை கொடிகாமத்திலை இறங்கிட்டன். நான்தானே பிடிச்சுக் குடுத்தனான். அவன்ரை முகத்திலை என்னெண்டு முழிக்கிறது?"

நாங்கள் இரண்டு பேரும் அவருக்குக் கோபம் என்று நினைத்திருந்தோம். கோபம் என்றால் நான் சண்டை பிடித்தாவது மாற்றியிருப்பேன். வெட்கப்படுகிற மனிதரை எப்படித் தள்ளிக்கொண்டு போவது? அவர் பேசமாட்டார். நீ கடிதத்தில் வருவாய், வரும்போது எல்லாம் பழசாகியிருக்கும். நடுவில் நின்று நான் என்ன செய்ய?

நீ அன்று வாசலில் நின்றாயா? எழுது.

உன் அக்கா,
சிவகௌரி


நிலையம்,
21.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். நீங்கள் இரண்டு தடவை சுகம் கேட்டு அனுப்பியதும் கிடைத்தது.

அன்று வாசலில் நின்றேன். சாப்பாட்டு மணி அடித்த பிறகும் நின்றேன். பிறகு பையை அவிழ்த்தேன். டிசம்பர் 28 என்று புதுத் திகதி தந்திருக்கிறார்கள். இனிமேல் ஒத்திவைக்கமாட்டார்கள், அப்பா வராவிட்டால் இன்னும் தூரத்து நிலையம் ஒன்றுக்கு மாற்றிவிடுவார்களாம்.

இதற்குள் ஒட்டியபடி இருக்கிற கடிதம் அப்பாவுக்கு. அலுவலர் வாசித்துவிட்டார், இனி அப்பா மட்டும்தான் வாசிக்க வேண்டும். நீங்கள் பிரிக்க வேண்டாம். அவர் கையில் கொடுங்கள்.

அன்புத் தம்பி,
டிலக்ஷன்


நிலையம்,
21.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் சுகத்துக்கு நீர்வேலிப் பிள்ளையார் துணை. மழை தொடங்கியிருக்கும். குலை தள்ளிய வாழைகளுக்கு முட்டுக் கொடுத்துவிட்டீர்களா?

கன்றைப் பற்றி அக்கா எழுதினா. அந்த வகைக் கன்றுகள் என் கையிலும் செத்திருக்கின்றன. தலை தொங்கினால் யாருக்கும் தண்ணீர் ஊற்றத்தான் மனம் வரும். நீங்கள் என் அறைக்குள் வந்து ஊற்றினீர்கள் என்று வாசித்த பிறகு எனக்குக் கன்று தேவைப்படவில்லை.

நீங்கள் என்னைப் பிடித்துக் கொடுக்காவிட்டால் நான் இன்றைக்கு உயிரோடு இல்லை அப்பா. இந்த ஒரு வசனத்தை எழுதத்தான் இவ்வளவு நாள் எடுத்தது.

டிசம்பர் 28 வாருங்கள். என் முகத்தைப் பார்க்கக் கஷ்டம் என்றால் பார்க்க வேண்டாம். கையெழுத்தை வைத்துவிட்டு முன்னால் நடவுங்கள், நான் பின்னால் வருகிறேன். பஸ்ஸில் வேறு இருக்கையில் இருக்கிறேன். வழியில் ஒரு சொல்லும் கதைக்க வேண்டாம். நீர்வேலிச் சந்தியில் இறங்கி நீங்கள் போங்கள், நான் கொஞ்சம் பிந்தி வருகிறேன். கதவை மட்டும் சாத்தாமல் விடுங்கள்.

உங்கள் மகன்,
டிலக்ஷன்


நீர்வேலி,
19.11.2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே விடாத மழை. எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நனையாமல் இரு.

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. ஒட்டியபடியே அப்பாவிடம் கொடுத்தேன். "ஆர், அவனோ?" என்றார். ஓம் என்றேன். இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரவுக் காற்றில் வாழை முறிந்துவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட்ட நேரம். "பின்னேரம் ஆறுதலாய்க் கண்ணாடி போட்டுப் பாப்பம்" என்று சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். தோட்டத்தில் சேட்டைக் கழற்றி, நனையாமல் கொட்டிலுக்குள் தொங்கப் போட்டிருக்கிறார். உன் கடிதத்துக்காகத்தான். மழையில் வெறும் மேலோடு நின்று முட்டுக் கொடுத்துவிட்டு, வரும்போது சேட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, கொடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் அந்தச் சேட்டை எடுத்துச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டேன். வழக்கமாக எடுப்பதுதான். பையைத் தடவிப் பார்க்கவில்லை. கல்லில் அடித்துத் தோய்க்கும்போதுதான் வெள்ளையாகத் துணுக்குத் துணுக்காக வெளியே வந்தது.

அப்பா குளித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் வாளிக்கு முன்னால் இருந்தேன். வாளிக்குள் கை விட்டு ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கினார். சுளகில் பரப்பி அடுப்படியில் வைத்துக் காயவிட்டார். மை முழுவதும் போய்விட்டது தம்பி, வெறும் கடதாசி. அதைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுத்தவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சிங்களம் வராது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஹலோ சொல்லிவிட்டு வைத்தோம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரவே மார்கழி பிறந்துவிடும். நீ திரும்ப எழுதி, அலுவலர் வந்து வாசித்து, அது இங்கே வருமுன் 28 ஆம் திகதி போய்விடும். தெரிந்துகொண்டும் எழுதுகிறேன்.

இன்று காலையும் அப்பா சுளகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கேட்டார்: "என்னை வரச் சொல்லி எழுதினவனோ, வரவேண்டாம் எண்டு எழுதினவனோ?"

"வரச் சொல்லித்தான் அப்பா எழுதியிருப்பான்" என்றேன்.

"உனக்கு என்னெண்டு தெரியும்? நீ கன்று நல்லாயிருக்கு எண்டும் எழுதினனிதானே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

என்ன எழுதினாய், தம்பி?

உன் அக்கா,
சிவகௌரி